கையைக் கட்டுவது கல்வியாகுமா?

கற்றுக்கொள்ள வந்தவனின் கையைக் கட்டிவிட்டு அவனுக்கு ஒரு வித்தையைக் கற்பிக்க முடியுமா? முடியும் என்பார் சிலர். அது கொடுமை என்பார் வேறு சிலர். இந்தக் கேள்வி மதரஸாவுக்கும் உண்டு. நம் கடைகளுக்கும் உண்டு. அண்மைக் காலமாக நம்மவர் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் சித்திர, வடிவமைப்பு வகுப்புகளிலிருந்தும் இதே கேள்வி நம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது. ஆதலால் வர்த்தக சகோதரர்கள் இதைச் சற்றே பொறுமையுடன் சிந்தித்துப் பார்ப்பது நலம்.

படம் வரையும் பிள்ளையைப் பார்த்து, “இது சோறு போடுமா?” என்று நாம் கேட்ட காலம் ஒன்று உண்டு. துணியில் ஓடும் பூவேலை, கடையின் பெயர்ப்பலகை, மசாலாப் பொட்டலத்தின் மேலட்டை, கைத்தொலைபேசியின் முகப்பு ஆகிய எல்லாவற்றின் பின்னாலும் ஒரு வடிவமைப்பாளரின் உழைப்பு இருக்கிறது என்பதை இன்று நாம் அறிந்துகொண்டோம். பிள்ளைகளைத் துணிந்து சேர்த்தும் விடுகிறோம். ஆனால் சேர்ந்த சில மாதங்களுக்குள்ளேயே சில பிள்ளைகள் மனம் கசந்து போகிறார்கள். காரணம் கேட்டால், “எங்களை வரையவே விடுவதில்லை” என்கிறார்கள்.

நமக்கு வேண்டிய ஜவுளி வியாபாரி ஒருவர். நாம் நானா என்று அழைப்பவர். அவருடைய மகன் சிறு வயதிலேயே முகம் பார்த்து முகம் எழுதுவான். பெருநாள் வாழ்த்து அட்டைகளைத் தானே வரைந்து உறவினருக்கு அனுப்புவான். அப்படிப்பட்ட பிள்ளைக்கு முதல் பருவத்தில் கொடுக்கப்பட்ட வேலைகள் இவை: ஒரே அளவுள்ள நான்கு கறுப்புச் சதுரங்களை வெள்ளைத் தாளில் ஒட்டி, ஒழுங்கு, பெருக்கம், துணிவு, நெரிசல், இறுக்கம், விளையாட்டு என்னும் ஆறு சொற்களின் பொருளையும் தனித்தனியே காட்ட வேண்டும். நிறம் கூடாது, கோடு கூடாது, உருவம் கூடாது. அது முடிந்தால், வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஒன்பது படிகளாகச் சாம்பல் நிறத்தைத் தூரிகையால் தீட்ட வேண்டும். அதுவும் முடிந்தால், குறிப்பிட்ட ஒரே அச்செழுத்து வகையில் ஒரே ஓர் எழுத்தைப் பெரிதாக்கி, கறுப்பு மையில் பிசகின்றி எழுத வேண்டும். பையன் ‘துணிவு’ என்ற சொல்லுக்கு ஒரு சதுரத்தின் மூலையில் சிவப்புப் புள்ளி ஒன்று வைத்தான். மதிப்பெண் குறைந்தது.

“வாப்பா, முப்பது பேர் செய்ததையும் சுவரில் ஒட்டிவைத்தார்கள். அதில் எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. இதற்காகவா நான் போனேன்?” என்று அவன் தகப்பனாரிடம் கேட்டிருக்கிறான். நானா நம்மிடம் வந்து, “தம்பி, இவ்வளவு வெள்ளி கட்டிப் படிக்கவைக்கிறேன். வரையத் தெரிந்தவனை வரையாதே என்று சொல்வதற்கா அவ்வளவு பணம்? நிறுத்திவிடலாமா?” என்றார்.

அங்கிருந்தவர்களில் ஒருவர், “உஸ்தாது சொன்னால் மறுபேச்சு ஏது? சொன்னதைச் செய்யட்டும்” என்றார். இன்னொருவர், “நிறுத்திவிட்டுக் கடையில் உட்காரவையுங்கள்” என்றார். இரண்டும் யோசியாமல் சொன்ன பதில்கள் என்றே நமக்குத் தோன்றியது. ஒன்று பிள்ளையின் வாயை அடைக்கிறது. மற்றது பிள்ளையின் வழியை அடைக்கிறது.

பையனின் குறையை இலேசாகத் தள்ளிவிடலாகாது. அவன் சோம்பலால் முணுமுணுக்கவில்லை. சோம்பேறிக்கு நான்கு சதுரம் ஒட்டுவது சுகமான வேலை அல்லவா? தன்னிடம் உள்ள திறமைக்கு வேலை இல்லையே என்பதுதான் அவன் வருத்தம். தான் செய்ததைத் தானே அடையாளம் காண முடியாமல் நிற்பது ஓர் இளைஞனுக்குச் சிறிய துன்பமன்று. தராசில் நிறுக்கத் தெரிந்தவனை மூட்டை மட்டுமே சுமக்கச் சொன்னால் அவன் மனம் என்ன பாடுபடும் என்பதை வியாபாரிகளாகிய நாம் அறிவோம். ஆகவே முதலில் அந்த வேலைகள் எங்கிருந்து வந்தன, எதற்காக வந்தன என்பதைப் பார்ப்போம்.

1919ஆம் ஆண்டு ஜெர்மனியின் வைமார் நகரத்தில் வால்ட்டர் குரோப்பியஸ் என்னும் கட்டடக் கலைஞர் பவுஹவுஸ் என்றொரு கலைக்கூடத்தை நிறுவினார். அங்கே சேர்ந்தவர்கள் நெசவு, தச்சு, உலோகம் போன்ற தொழிற்கூடங்களுக்குள் போகுமுன், அடிப்படை வகுப்பு ஒன்றைக் கடக்க வேண்டும். இன்று பல நாடுகளின் வடிவமைப்புப் பள்ளிகளில் முதலாண்டில் நடைபெறும் பயிற்சிகளுக்கு அந்த வகுப்பு ஒரு முக்கியமான மூலம். 1923 முதல் அங்கே கற்பித்தவர்களில் ஒருவர் யோசெப் ஆல்பர்ஸ். அவர் முன்பு ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தவர்.

ஆல்பர்ஸைப் பற்றி அவருடைய மாணவர் ஒருவர் சொன்ன செய்தி பிரசித்தமானது. வகுப்புக்குள் ஒரு கட்டுச் செய்தித்தாளுடன் வந்து, ஆளுக்குச் சில தாள்களைக் கொடுத்து, இதிலிருந்து ஏதேனும் செய்யுங்கள், தாளை வீணாக்காதீர்கள், கூடுமானால் வேறு கருவியோ பசையோ இல்லாமல் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். திரும்பி வந்தபோது கோட்டைகள், கப்பல்கள், முகமூடிகள், மிருகங்கள் என்று பலவும் தயாராக இருந்தன. அவற்றையெல்லாம் வேறு பொருளிலும் செய்யலாமே என்று அவர் ஒதுக்கிவிட்டார். ஒரு மாணவர் தாளை நீளவாக்கில் மடித்து நிறுத்தியிருந்தார், அவ்வளவுதான். அதைத்தான் அவர் எடுத்துக் காட்டினார். படுத்துக் கிடக்கும் மெல்லிய தாள் ஒரே மடிப்பில் எழுந்து நிற்கிறது. தாளுக்கு உள்ளே இருந்த வலுவை அந்த மாணவர் கண்டுபிடித்துவிட்டார். கத்தரியும் பசையும் கையில் இருந்திருந்தால் அந்த வலுவைத் தேடியிருக்கவே மாட்டார்கள். பறித்ததன் நோக்கம் வெறுமை அன்று. எஞ்சியிருப்பதை உற்றுப் பார்க்கச் செய்வது.

நான்கு சதுரங்களின் கதையும் அதுவே. உருவம் வரையத் தெரிந்தவன் ‘நெரிசல்’ என்றவுடன் சந்தைக் கூட்டத்தை வரைந்துவிடுவான். பார்ப்பவருக்கும் புரிந்துவிடும். ஆனால் நெரிசல் என்ற உணர்ச்சி எங்கிருந்து பிறக்கிறது? ஒரு பொருளுக்கும் மற்றொரு பொருளுக்கும் நடுவே விட்ட இடத்திலிருந்து பிறக்கிறது. சதுரங்களை ஒரு மூலையில் நெருக்கித் தள்ளினால் மூச்சு முட்டுகிறது. சமமாக விலக்கி வைத்தால் ஒழுங்கு தெரிகிறது. ஒன்றைச் சாய்த்து மற்றொன்றின் முனையில் நிறுத்தினால் விழுந்துவிடுமோ என்ற இறுக்கம் வருகிறது. கடையில் சரக்கு அடுக்கும் நமக்கு இது புதிதன்று. ஒரே சரக்குத்தான், அடுக்கும் விதத்தில் ஒரு கடை விசாலமாகவும், ஒரு கடை குப்பையாகவும் தோன்றுகிறது அல்லவா?

சாம்பல் நிறப் படிகளுக்கும் நம் தொழிலிலேயே சாட்சி உண்டு. செவ்ரூல் என்ற ரசாயன அறிஞர் 1824இல் பாரிஸ் நகரின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பகுதிக்குத் தலைவரானார். கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று நெசவாளர்கள் குறை சொன்னார்கள். அவர் நூலைச் சோதித்தார்; சாயத்தில் குற்றமில்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நெய்த நிறம்தான் அதன் வலுவை மாற்றிக் காட்டுகிறது என்று கண்டறிந்தார். 1839இல் அதைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றையே வெளியிட்டார். துணிக்கடைக்காரருக்கு இது தினசரி அனுபவம். சாம்பல் நிறத் துணியைச் சிவப்புத் துணியின் மேல் விரித்தால் சற்றே பச்சை ஓடுவதுபோல் தெரியும். பச்சையின் மேல் விரித்தால் செம்மை ஓடும். கண் ஏமாறும் இந்த இடத்தை அறியாதவன் எத்தனை நிறம் கையில் இருந்தும் கலங்கித்தான் நிற்பான். ஒன்பது சாம்பல் படிகளைப் பிரித்தறியக் கண்ணைப் பழக்கிய பிறகு நிறத்தைக் கொடுப்பது, மாணாக்கனுக்குச் செய்யும் உபகாரமே.

இவ்வளவு தூரம் மேற்கே போக வேண்டியதுமில்லை. நம் கடைகளில் விற்கும் பெலேக்காட் சாரத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். சோழமண்டலக் கரையிலுள்ள பழவேற்காட்டின் பெயரைத்தான் மலாய்க்காரர் அந்தத் துணிக்கு வைத்தார்கள். கட்டம் போட்ட துணி. தறியில் பாவு நேராக ஓடும், ஊடை குறுக்காக ஓடும். வளைவுக்கு அங்கே இடமில்லை. நெசவாளிக்குக் கிடைத்த சுதந்திரம், எந்த நிற நூலை எத்தனை இழை ஓட்டுவது என்பது மட்டுமே. அந்த ஒரு சிறு சுதந்திரத்துக்குள் எத்தனை ஆயிரம் கட்டங்கள் பிறந்தன! கெபாலா என்னும் தலைப்புப் பகுதியை உடல் பகுதியிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவதற்கும் அதே நேர்கோடுகளே போதுமாயிருந்தன. வாடிக்கையாளர் கடைக்குள் நுழைந்து, நூறு சாரங்களிலிருந்து ஒன்றை இழுத்து, “இதுதான்” என்கிறாரே. நூறும் ஒன்றுபோல் இருந்தால் அப்படி இழுப்பாரா?

சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலையும் நினைத்துப் பாருங்கள். 1932இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் பொன்னிறக் குப்பாக்களின் அடியில் கறுப்பு வளையம் ஒன்று தெரியும். அருகே உற்றுப் பார்த்தால் அது கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்களால் ஆனது. பணம் கொடுக்க வசதியற்ற எளியவர்களும் பள்ளிவாசலுக்குத் தங்கள் பங்கைக் கொடுக்கட்டும் என்று புட்டிகளைச் சேர்த்தார்கள் என்பர். பளிங்கு கிடைத்திருந்தால் பளிங்கு பதித்திருப்பார்கள், அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் புட்டிதான் இருக்கிறது என்ற நிலையில், அதையும் அழகாக்கியவரின் கைத்திறனை என்னவென்பது!

இவ்வளவும் சொன்னதால், கட்டுப்பாடு எதுவானாலும் நல்லது, மாணாக்கன் வாய் பொத்தி நிற்கட்டும் என்று முடித்துவிடலாமா? ஆகாது. இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

பக்தாதில் இப்னு முக்லா என்றொருவர் இருந்தார். அப்பாசிய கலீபாக்களிடம் மந்திரியாக இருந்தவர். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டினர். அரபு எழுத்துக்கு அளவு வகுத்தவர் என்று புகழப்படுகிறார். நாணல் பேனாவின் முனையைத் தாளில் அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியே அவருக்கு அளவுகோல். அலிப் இத்தனை புள்ளி உயரம், அந்த அலிப்பை விட்டமாகக் கொண்ட வட்டத்துக்குள் மற்ற எழுத்துகள் என்று விதி செய்தார். அந்த விதி எழுதுவோர் கையைக் கட்டியது. ஆனால் அதற்குள் இருந்து பிறந்த அழகு எழுத்துகள் இன்றும் பள்ளிவாசல் சுவர்களை அலங்கரிக்கின்றன. அதே இப்னு முக்லாவின் வலது கையை அரசியல் பகையால் வெட்டினார்கள். 940ஆம் ஆண்டு சிறையிலேயே அவர் மாண்டார். வெட்டுண்ட கையில் பேனாவைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்றும் சொல்வதுண்டு. கவனியுங்கள்: ஒரே மனிதரின் கைக்கு இரண்டு கட்டுகள். புள்ளியின் அளவு என்ற கட்டு ஆயிரம் ஆண்டுகளாகக் கற்பிக்கிறது. வாளின் கட்டு எவருக்கும் எதையும் கற்பிக்கவில்லை. அதற்குப் பிறகும் அவர் எழுதியிருந்தால் அது அவருடைய பெருமை, வெட்டியவனின் பெருமையன்று. துன்பத்தில் ஒருவன் சிறந்துவிட்டான் என்பதற்காகத் துன்பம் கொடுத்தவனை உஸ்தாது என்று சொல்லலாகாது.

ஆகவே கட்டுகளைப் பிரித்தறிய நமக்கு உரைகல் வேண்டும். மூன்று கேள்விகள் போதும் என்பது நம் எண்ணம்.

முதலாவது: இந்தக் கட்டுக்குக் காரணம் சொல்ல முடியுமா? ஆல்பர்ஸ் பிற்காலத்தில் அமெரிக்காவில் நிறத்தைப் பற்றிக் கற்பித்தபோது, சாயம் குழைக்க வேண்டாம், நிறத்தாள்களை வெட்டி ஒட்டுங்கள் என்றார். ஏன் என்றால், குழைத்த நிறம் ஒவ்வொரு முறையும் மாறும்; தாளின் நிறம் மாறாது; ஒரே நிறம் இரண்டு இடங்களில் எப்படி இரண்டாகத் தெரிகிறது என்று சோதிக்க மாறாத நிறம் வேண்டும். இது காரணம். “நான் சொல்கிறேன், நீ செய்” என்பது காரணமன்று. காரணத்தை முதல் நாளே சொல்ல வேண்டியதில்லை. சில பாடங்கள் செய்த பிறகே புரியும். ஆனால் கேட்டால் சொல்லத் தக்க காரணம் ஒன்று உஸ்தாதின் உள்ளத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது: இந்தக் கட்டு வேலையோடு நிற்கிறதா, ஆளின் மீதே ஏறுகிறதா? பவுஹவுஸில் ஆல்பர்ஸுக்கு முன் அடிப்படை வகுப்பை நடத்தியவர் யோஹன்னஸ் இட்டன். அவர் வகுத்த பயிற்சிகள் அருமையானவை, இன்றும் பயன்படுகின்றன. ஆனால் அவர் தாம் பின்பற்றிய ஒரு புது நெறியின் மூச்சுப் பயிற்சிகளையும் உணவு விதிகளையும் மாணாக்கரிடையே புகுத்தினார். குரோப்பியஸுக்கும் அவருக்கும் கலைக்கூடத்தின் போக்கைப் பற்றியே கருத்து வேற்றுமை முற்றி, 1923இல் அவர் விலகினார். தாளில் என்ன நிறம் வைப்பது என்று சொல்ல ஆசிரியருக்கு உரிமை உண்டு. மாணாக்கன் என்ன உண்பது, எதை நம்புவது, எதை அழகென்று விரும்புவது என்பதெல்லாம் அந்த உரிமைக்குள் அடங்கா.

மூன்றாவது: இந்தக் கட்டுக்கு முடிவு உண்டா? துருக்கியில் உதுமானியர் காலத்து முறைப்படி அழகெழுத்துப் பயில வருபவர், காரியத்தை எளிதாக்கித் தர வேண்டும் சிறு துஆ ஒன்றையே மாதக்கணக்கில் எழுதிப் பழகுவார். இஜாஸா கிடைக்கும் வரை தாம் எழுதியதன் கீழ் தம் பெயரை இடுவதற்கு அவருக்கு அனுமதியில்லை. கடுமையான விதிதான். ஆனால் இஜாஸா என்றொரு நாள் உண்டு. அன்று உஸ்தாதே முன்வந்து, இனி உன் பெயரை இடலாம் என்று எழுதிக் கொடுக்கிறார். விடுதலை நாள் குறித்த கட்டு பயிற்சி; நாள் குறியாத கட்டு சிறை.

நானாவின் மகனிடம் இம்மூன்றையும் சொன்னோம். முணுமுணுக்காமல் வேலையை முடித்துவிட்டு, அதபுடன் ஆசிரியரிடமே கேள் என்றோம். அவன் கேட்டான். சிவப்புப் புள்ளியைப் பற்றி அந்த ஆசிரியை சொன்ன பதில் நமக்கு மிகவும் பிடித்தது: “சிவப்பு வைத்தால் எல்லார் கண்ணும் சிவப்புக்குப் போய்விடும். சதுரம் என்ன செய்கிறது என்பதை நீயும் பார்க்கமாட்டாய், நானும் பார்க்கமாட்டேன்.” பிறகு அவன், எழுத்துப் பாடத்தில் எல்லாரும் ஏன் ஒரே அச்செழுத்து வகையை எழுத வேண்டும் என்று கேட்டான். அவர் சற்று யோசித்து, முப்பது பேருக்கு மதிப்பெண் போட அது வசதி என்பதைத் தவிர வேறு காரணமில்லை என்று ஒப்புக்கொண்டு, விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம் என்றாராம். பாருங்கள், முதல் கேள்வியில் ஆசிரியை சரி; இரண்டாவதில் மாணாக்கன் சரி. கேளாமலே இருந்திருந்தால் இரண்டையும் ஒரே கொடுமை என்று எண்ணி அவன் வெளியேறியிருப்பான். அல்லது இரண்டுக்கும் ஒன்றுபோல் தலையாட்டி உள்ளுக்குள் வாடியிருப்பான். நானா இப்போது இந்த ஆண்டு முழுவதற்கும் பணம் கட்டியிருக்கிறார். அடுத்த ஆண்டைப் பற்றி மகனே முடிவு செய்யட்டும் என்கிறார்.

சகோதரர்களே, இந்தக் கேள்விகளைப் பிள்ளைகளின் ஆசிரியர்களிடம் கேட்பது நமக்கு எளிது. நம் கடைகளிலும் கேட்டுப் பார்ப்போமா? ஊரிலிருந்து ஒரு பையன் வேலைக்கு வருகிறான். முதல் ஆறு மாதம் துணியை விரி, மடி, எண்ணி அடுக்கு என்கிறோம்; கத்தரியைத் தொடாதே என்கிறோம். இதற்குக் காரணம் உண்டு: விரல்கள் துணியை அறிய வேண்டும், ஒரு தவறான வெட்டு ஒரு பீஸ் துணியையே கெடுக்கும். ஆனால் ஆறு ஆண்டு கழிந்தும் அவன் மடித்துக்கொண்டே இருந்தால் காரணம் என்ன? கொள்முதல் விலையை அவனுக்குச் சொல்லாமல், மொத்த வியாபாரியிடம் அவனை அழைத்துப் போகாமல், கல்லாப் பக்கமே வரவிடாமல் வைத்திருக்கும் முதலாளிகள் நம்மிடையே இல்லை என்று சொல்ல முடியுமா? தொழில் தெரிந்துவிட்டால் எதிரிலேயே கடை போட்டுவிடுவான் என்ற அச்சம்தான் அங்கே விதியாக நிற்கிறது. அந்தக் காரணத்தைப் பையனின் முகத்துக்கு நேரே சொல்ல நம்மால் முடியுமா? முடியாதென்றால் அது முதல் உரைகல்லிலேயே தேறவில்லை. ஓய்வு நாளிலும் அவன் யாருடன் பேசலாம், எங்கே போகலாம் என்று நாம் விதித்தால் இரண்டாவதிலும் தேறவில்லை. அவனுக்கு எந்த நாள் என்று எதுவுமே குறிக்கப்படவில்லை என்றால் மூன்றாவதும் போயிற்று.

ஆல்பர்ஸிடம் நாம் வியக்கும் மற்றொன்று உண்டு. 1950இல் தொடங்கி 1976இல் இறக்கும் வரை, சதுரத்துக்குள் சதுரம் என்ற ஒரே அமைப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டினார். நிறம் மட்டுமே மாறும். மாணாக்கருக்கு இட்ட கட்டை விடப் பெரிய கட்டைத் தமக்கே இட்டுக்கொண்டார். பிறர் கையைக் கட்டுவோருக்கு அதைவிடச் சிறந்த தகுதி வேறில்லை. காலையில் முதலில் வந்து கடை திறக்கும் முதலாளிதான் பையனிடம் நேரத்தைப் பற்றிப் பேசலாம்.

கற்பவன் உஸ்தாதிடம் தன் காலத்தை அமானத்தாக ஒப்படைக்கிறான். வாலிபத்தின் ஆறு மாதமும் ஆறு ஆண்டும் எந்த வங்கியிலும் திரும்பக் கிடைக்காத முதல். அந்த அமானத்தைப் பெற்றவர்கள் கையைக் கட்டலாம். ஆனால் கட்டிய முடிச்சு எது, அதை அவிழ்க்கும் நாள் எது என்பதை மறவாதிருக்க வேண்டும். பிள்ளைகளும், கட்டிய மாத்திரத்தில் ஓடிவிடாமல், அந்தக் கட்டுக்குள் தங்கள் கை எதைக் கற்றுக்கொள்கிறது என்று சற்றுப் பொறுத்துப் பார்க்க வேண்டும். பொறுத்துப் பார்த்தும் எதுவும் கிடைக்கவில்லையென்றால் கேட்க வேண்டும். கேட்பவனைச் சினந்து விரட்டாத கடையும் வகுப்பும் நம் சமூகத்தில் பெருகட்டும்.